வெறும் பெட்டி

ரீகாவில் ஒருவன் அந்தப் பெட்டியை மட்டும் விற்றான்,
அறுபது யூரோவுக்கு.
உள்ளே மடிப்புக் கலையாத மெல்லிய தாள்,
முப்பத்தைந்து வருடப் பசைவாசம்,
வேறொன்றுமில்லை.
மூடியோரத்தில் அச்சடித்த எண் நாற்பத்தைந்து.
என் கால் நாற்பத்திரண்டு.
அதனாலென்ன,
இருநூற்றுப் பதினோரு ஜோடி ஸ்னீக்கர் வைத்திருக்கிறேன்,
ஒன்றிலும் நடந்ததில்லை.

"அங்குசம் வாங்கியாயிற்று,
யானைதான் பாக்கி" என்றேன் ஐஸ்தேயிடம்.
பீட்ரூட் சீவிக்கொண்டிருந்தவள்
சிவந்த கையோடு நிமிர்ந்து
"யானை வந்தால் நான் எங்கே படுப்பது?" என்றாள்.
கட்டிலுக்கடியில் ஏற்கெனவே இடமில்லை.

பால்வெள்ளைத் தோல்.
பக்கவாட்டில் பாசிநிறச் சாய்கோடு ஒன்று.
குதிகாலில் இரட்டைத் தையல் ஓட வேண்டிய இடத்தில்
ஒற்றைத் தையல்.
அந்த வாரம் ஆலையில் ஊசி உடைந்தது என்பார்கள்.
நூல் தீர்ந்துவிட்டது என்பான் போர்ட்டோக்காரன்,
இரண்டு முறை எனக்குப் போலியை விற்கப் பார்த்தவன்.
அவனுடையதில் தையல் இரட்டை.
போலிக்குத்தான் ஒரு குறையும் இருக்காது.

அதன் படமென்று என்னிடம் இருப்பது ஒன்றுதான்:
கூடைப்பந்து அணி வரிசையாக நிற்க
கணுக்காலோடு வெட்டிவிட்டான் படமெடுத்தவன்.
முன்னால் மண்டியிட்டவனின் ஒரு காலணி மட்டும்
பாதி தெரிகிறது.
அந்தப் பாதியைப் பார்த்துப் பார்த்து
மீதியை நானே தைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி. கௌனஸ்.
பனி உப்போடு கலந்து சேறாகும் மாதம்.
ஏழாம் எண் டிராலிபஸ்.
ஆளைப் பார்க்குமுன் காலைப் பார்த்தேன்.

வலதில் கயிறு, இடதில் நீல மின்வயர்.
தோலில் உப்பு வரைந்த கரை.
பாசிக்கோடு பாதி உரிந்திருந்தது.
கைபேசியைத் தவறவிட்டதுபோல் குனிந்தேன்.
ஒற்றைத் தையல்.

நிமிர்ந்தபோதுதான் மேலே மனிதர் இருந்தார்:
சுண்ணாம்பு தெறித்த கால்சட்டை,
பூச்சுவேலைக்காரர் போல,
மடியில் கரணைப் பை.
"ஐயா, உங்கள் ஷூ..."
"நாறுகிறதா?" என்று காலை உள்ளிழுத்தார்.
"விலைக்குத் தருவீர்களா?
நானூறு யூரோ."
அவர் வாய் திறக்குமுன் "ஐந்நூறு."

சிரிக்கவில்லை அவர்.
ஜன்னலுக்கு வெளியே சேற்றைக் காட்டி
"வீட்டுக்கு எப்படிப் போவது?" என்றார்.
அங்கேயே என் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தேன்.
வண்டியே பார்த்தது.
பாதி பாதம் நுழைந்து நின்றுவிட்டது.
மூன்று எண் வித்தியாசம்.

"இதை வைத்து என்ன செய்வீர்கள்?"
"பார்ப்பேன்."
"பார்க்க மட்டும்தானே?" என்றவர்
தன் ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு
இரண்டு கால்களையும் நீட்டினார்.
"பாருங்கள்."

இரண்டு நிறுத்தம் வரை பார்த்தேன்.
விரல் மடங்கும் இடத்தில் மூன்று மடிப்பு,
என் அலமாரியில் எதற்கும் இல்லாதது.
தோலுக்குள் கட்டைவிரல் ஒருமுறை அசைந்தது,
தூக்கத்தில் புரளும் பூனைபோல.
கேட்க வைத்திருந்த கேள்விகள் நூறு,
எங்கே வாங்கினீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

நடைபாதையிலிருந்து யாரோ "அல்பீனாஸ்!" என்று கத்த
அவர் எழுந்து இறங்கினார்.
ரப்பர்த் தரையில் ஈரத் தடம்:
அலை, அலை, நடுவே நட்சத்திரம்,
அதில் ஒரு முனை தேய்ந்துவிட்டது.
அடியில் நட்சத்திரம் இருப்பது
எந்தப் படத்திலும் இல்லை.
காலுறையோடு உட்கார்ந்திருந்தேன்,
ஷிலைனியாய் வருமுன் காய்ந்துவிட்டது.

நேற்று போர்ட்டோக்காரன் கூப்பிட்டான்.
"நாற்பத்தைந்து. அசல். தொள்ளாயிரம்."
குதிகால்?
"ஒற்றைத் தையல்" என்றான், கற்றுக்கொண்டிருக்கிறான்.
"சத்தியமாக ஒரு மடிப்பும் கிடையாது."
அனுப்பு என்று சொல்லிவிடுவேனோ எனப் பயந்து
போனை வைத்தேன்.

ஏப்ரல் வந்துவிட்டது.
என் வேலைக்குப் போகும் வண்டி பதினான்கு,
ஏறுவது ஏழில்.
சுண்ணாம்புக் கால்சட்டைகள் ஏறுகின்றன, இறங்குகின்றன.
சட்டைப்பையில் அறுநூறு, மடியில் பெட்டி.
வண்டி வளையும்போதெல்லாம்
உள்ளே தாள் சரசரக்கிறது.