இரண்டாம் தரம்

இடது காலுக்கு ஏழு.
வலது காலுக்கு ஏழரை.
பெட்டிக்குள் ஜோடி மாறிப்போனதால்
ஜெர்மனிக்குக் கப்பலேற வேண்டியது
நூற்றைம்பது ரூபாய்க்கு என்னிடம் வந்தது.
அந்த அரை எண்ணை
ஒரு பழைய சாக்ஸை மடித்துத் திணித்துச் சமாளித்தேன்.

ஆறு பத்துக்கு கிரீன் சர்க்கிளில் கம்பெனி பஸ்.
இறங்கினால் ராணிப்பேட்டை.
வெள்ளை விளக்குக்கு அடியில்
காலணிகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது வேலை.
பசை வழிந்திருந்தால், நூல் துருத்தியிருந்தால்
சிவப்பு அம்பு ஒட்டி ஓரம் தள்ளவேண்டும்.
நாளைக்கு அறுநூறு ஜோடி.
பதினோரு வருடத்தில்
அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடிப் பார்த்ததில்லை.

அதனால்தான் ஓட ஆரம்பித்தேன் என்று சொன்னால்
கேட்க நன்றாயிருக்கும்.
சுகர் எல்லையில் நிற்கிறது என்றார் டாக்டர், அவ்வளவுதான்.
அப்புறம்,
நாலே முக்காலிலிருந்து ஒரு மணி நேரம்
யாரும் என்னிடம் எதையும் எங்கே என்று கேட்பதில்லை.

முதல் மாதம் துப்பட்டாவை ஊக்கு குத்திக்கொண்டு ஓடினேன்.
இரண்டாம் மாதம் ஊக்கு தொலைந்தது.
தேடவில்லை.

கோட்டை அகழியை ஒட்டி என் பாதை.
போனில் பார்த்தால்
நீலக் கோடு அகழிக்குள் இறங்கி
தண்ணீர் மேலேயே முன்னூறு மீட்டர் போகிறது.
இதைக் காட்டியபோது என் வீட்டுக்காரர்
‘அப்படியே அந்தப் பக்கம் ஏறிப் போயிடாதே’ என்றார்.
முதல்முறையாக ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

மக்கான் பக்கத்து நாய்களுக்கு
இப்போது என் வாசனை தெரியும்.
ஜெமிமாவின் வாசனைக்குத்தான் இன்னும் குரைக்கின்றன,
ரத்த வங்கியில் இரவுப் பணி முடித்து
டெட்டால் மணக்க வருகிறவள்.
பதினாலாயிரம் ரூபாய் ஷூ, மாதத் தவணையில்.
அவள் கடிகாரம் நெஞ்சுத் துடிப்பை எண்ணும்.
‘இன்னைக்கு டெம்போ’ என்றாள் ஒரு நாள்.
வண்டி எங்கே என்று திரும்பிப் பார்த்தேன்.
சிரித்துச் சிரித்து அன்று இருவருக்கும்
விலாவில் பிடித்துக்கொண்டது.

அக்னி நட்சத்திரம்.
சுற்றி நிற்பதெல்லாம் மொட்டைப் பாறை மலை;
பகலில் வாங்கிய சூட்டை
விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பித் தரும்.
ஞாயிறுகளில் பாலாற்றுப் பாலம்.
கீழே மணல், சீமைக் கருவேலம், ஒரு ஒற்றைச் செருப்பு.
ஆறு இப்படி ஆனதில்
எங்கள் தோலுக்கும் பங்கு உண்டு என்பார்கள்.
தலையைக் குனிந்து கடப்பேன்.
‘குனியாதே, மூச்சு முட்டும்’ என்பாள் ஜெமிமா.
அவளுக்கு நெஞ்சுத் துடிப்புதான் கணக்கு.

போன ஞாயிறு, பாலத்தின் நடுவில்
வலது ஷூ வாயைத் திறந்தது.
நடைமேடையில் உட்கார்ந்து
விளக்குக் கம்பத்தின் மஞ்சளில் திருப்பிப் பார்த்தேன்,
பழக்க தோஷம்.
தையல் அசையவில்லை.
முனையில் ஒன்று கூடுதலாய்ப் பின்னடித்திருந்தது.
மூன்றாவது லைன் மெஹரூன் கை அது;
பயந்தவள், எப்போதும் இன்னொன்று போட்டுவைப்பாள்.
விட்டது பசை.
நாக்குக்கு உட்புறம், பாதி அழிந்த வட்ட முத்திரை:
பதினான்கு.
சரி பார்த்து அனுப்பியது நான்தான்.

‘எழுநூறு கிலோமீட்டர்ல தூக்கிப் போடணும்.
நீ ஆயிரத்து நூறு ஓட்டிட்ட’ என்றாள் ஜெமிமா.
ஆறுதலா, திட்டா?
முடியிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி
ஷூவைக் கட்டினேன்.
கூந்தல் முதுகில் அவிழ்ந்து கிடக்க
சப் சப்பென்று நாலு கிலோமீட்டர்.
பால்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி
பேய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு போனார்.

ஷிப்மென்ட் வாரம், ஞாயிறும் பஸ் உண்டு.
அன்று ஒவ்வொரு ஜோடியையும்
கட்டைவிரலால் முனையில் அழுத்திப் பார்த்தேன்,
பாதம் வளைகிற இடத்தில் வளைத்துப் பார்த்தேன்.
மதியத்துக்குள் நாற்பது ஜோடி பின்தங்கிவிட்டேன்.
‘என்னம்மா, தூக்கமா?’ என்றார் சூப்பர்வைசர்.
‘இல்ல சார், கால் வலி’ என்றேன்.