படுத்திருக்கும் போலீஸ்காரர்கள்

ஸெனிட்ஸாவில் வேகத்தடைக்கு
படுத்திருக்கும் போலீஸ்காரன் என்று பெயர்.
எழுந்து வந்து பிடிக்க மாட்டான்.
நாம்தான் மெல்ல ஏறி, மெல்ல இறங்கி
அவனுக்கு மரியாதை செய்ய வேண்டும்.

என் கோல்ஃபுக்கு முப்பத்தெட்டு வயது.
ரொட்டிக்கடை ரஸியாவிடம் வாங்கியது.
மழை நாட்களில் இன்னமும்
பின்சீட்டிலிருந்து ஈஸ்ட் வாசனை வரும்.
அதை நான்கு சென்டிமீட்டர் இறக்கினேன்.
புது ஸ்பிரிங் வாங்கக் காசில்லை.
உருக்காலையில் என்னோடு கிரேன் ஓட்டும் நெர்மின்
கிரைண்டரைக் கொண்டுவந்து
ஒவ்வொன்றிலும் ஒன்றரைச் சுற்று அறுத்தான்.
பொறி பறந்தது. கண்ணை மூடிக்கொண்டு சிரித்தோம்.

அன்று மாலை பெட்ரோல் பங்க் கண்ணாடியில் பார்த்தேன்.
பாயப் போகும் பூனை.
உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு.
ரஷீதை வாங்காமலே வந்துவிட்டேன்.

குட்டையாக்கினால் ஸ்பிரிங் விறைத்துக்கொள்ளும் என்று
யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் மட்டும்?
பாஸ்னா ஆற்றங்கரைச் சாலையில்
சாக்கடை மூடிகள் பத்தொன்பது.
எண்ணியது நானல்ல, என் முதுகெலும்பு.

முன்பக்கம் கூடுதலாக அறுத்துவிட்டோம் போல.
விளக்குகள் தூரத்தைப் பார்ப்பதில்லை,
திட்டு வாங்கிய பையன் மாதிரி
காலடியையே பார்த்துக்கொண்டு வருகின்றன.
டயருக்கோ உள்ளோரம் கம்பி தெரியத் தேய்ந்திருக்கிறது,
வெளியோரம் நேற்று வாங்கியதுபோல் மினுங்குகிறது.
ஊருக்கு ஒரு முகம், வீட்டுக்கு ஒரு முகம்.

நெர்மின் நூற்றுப்பத்து கிலோ.
அவன் ஏறி உட்கார்ந்தால்
பின்சக்கரம் தகட்டைக் கடிக்கும்.
கருகிய ரப்பர் நாற்றம் ஈஸ்ட் வாசனையை விழுங்கும்.
அறுத்த புண்ணியவான் இப்போது
ஆறு மணி பஸ்ஸில் வேலைக்குப் போகிறான்.
நிறுத்தத்தைத் தாண்டும்போது கை காட்டுகிறேன்.
பஸ் உயரத்திலிருந்து
அவன் என்னைக் குனிந்து பார்க்கிறான்.

செப்டம்பர். மிளகாய்க் காலம்.
சந்தையில் ஒரு மூட்டை சிவப்பு மிளகாய் வாங்கினாள் மெவ்லிதா.
சந்தைக்கும் வீட்டுக்கும் நடுவே
ஏழு போலீஸ்காரர்கள்.
முதலாமவனிடம் அடி உரசியது.
இரண்டாமவனுக்கு முன்னால் நிறுத்தி,
"கொஞ்சம் இறங்கிக்கொள்கிறாயா?" என்றேன்.
இறங்கினாள். நடந்தாள். ஏறினாள்.
மூன்றாமவனிடம் அதுவும் போதவில்லை.
மூட்டையோடு இறங்கினாள்.
நான்காமவனிடம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்
வேலியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.
ஐந்தாமவனைத் தாண்டிக் கதவைத் திறந்து வைத்தேன்.
அவள் திறந்த கதவைக் கடந்து
நேராக நடந்துபோனாள்,
மூட்டை தோளில்,
திரும்பிப் பார்க்காமல்,
நடைபாலத்துக் குறுக்குவழியில்.
பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

அவசரப்பட்டேன்.
ஆறாமவன் அடிமடியிலேயே கை வைத்துவிட்டான்.
எண்ணெய்த் தொட்டியில் விரிசல்.
எங்கள் கட்டடம் வரை
தெருவில் ஒரு கறுப்புக் கோடு,
யார் வீட்டு முட்டாள் என்று
ஊருக்கு வழி காட்டியபடி.

கீழே படுத்துப் பார்க்கலாம் என்றால்
ஜாக்கி நுழையவில்லை.
பலகை தேடி, பலகைமேல் ஏற்றி,
பிறகு ஜாக்கி வைத்து, பிறகு நான் புகுந்து,
முகத்தில் சொட்டியதைத் துடைத்துக்கொண்டு
மாடி ஏறினேன்.
படிக்கட்டு முழுக்கச் சுட்ட மிளகாய் வாசனை.
எனக்கு முன்பே வந்து
பாதி மூட்டையைச் சுட்டு முடித்திருந்தாள்.

டோபோய் உதிரிபாகக் கடைக்குப் போன் செய்தேன்.
"இறக்குகிற ஸ்பிரிங்தானே?
எத்தனை வேண்டும், எந்த நிறத்தில் வேண்டும்?"
இல்லை, கம்பெனியில் வந்த உயரம்.
அந்தப் பக்கம் சிறிது அமைதி.
"அதை இப்போது யார் கேட்கிறார்கள்?"

மெவ்லிதா எதுவும் கேட்கவில்லை.
பால்கனி மூலையில் கிடந்த
அறுத்த துண்டுகளில் ஒன்றைக் கழுவி
மேஜைமேல் வைத்து
அதன்மீது கொதிக்கிற பானையை இறக்கினாள்.
லேசாகச் சாய்ந்தது, நின்றது.

"இந்தத் துண்டாவது
எடை தாங்குகிறதே" என்றாள்.