நான்கு விரற்கடை

மன்னார்குடி. மண்டலப் போட்டி. ஆறாவது இன்னிங்ஸ்.
முந்தின இரவு மழையில்
மைதானக் களிமண் இன்னும் இளகிக் கிடந்தது.
முதல் பேஸிலிருந்து பறந்து வந்தாள்
வேதாரண்யத்துப் பதினாலாம் எண், மரகதவல்லி.
பந்து வாய்க்கால் கரைப்பக்கம் உருண்டுகொண்டிருந்தது.
அவள் கண்ணும் அங்கேதான்.
இரண்டாம் பேஸுக்கு
நான்கு விரற்கடை தள்ளிப் பதிந்தது
இடது கால்.

நான் பார்த்தேன்.
பார்க்கத்தான் என்னை நிறுத்தியிருக்கிறார்கள்.
தானாகச் சொல்வதற்கு அல்ல.

விதி அப்படி.
எதிரணி கேட்க வேண்டும்,
இன்ன ஆள், இன்ன பேஸ் என்று வாய் திறந்து.
அடுத்த பந்து கையை விடுவதற்குள்.
கேட்டால் என் முஷ்டி உயரும், அவள் அவுட்.
கேட்காவிட்டால்
அந்தக் கால் பேஸை மிதித்த கால்.

ஹோமைத் தொட்டுவிட்டாள். ஒரே கூச்சல்.
ஷார்ட்ஸ்டாப் தையல்நாயகி மண்ணைப் பார்த்தாள்.
தடம் அங்கேயே இருந்தது,
கான்வாஸ் ஷூவின் வரிகள்கூட அழியாமல்.
என்னைப் பார்த்தாள்.
தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.
"மேடம்..."
"என்ன?"
"ஷூ லேஸ் கட்டிக்கவா மேடம்?"
கட்டிக்கொள் என்றேன்.
அந்தத் தடத்துக்குப் பக்கத்திலேயே
மண்டியிட்டுக் கட்டினாள்,
இரண்டு முடிச்சு.

போன கார்த்திகையில் கோட்டூரில்
எங்கள் ஆறு மா சம்பா
முழங்கால் தண்ணீரில் கிடந்தபோது
வரப்பில் ஒரு அலுவலர் நின்றார்,
பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு.
கோடியிலிருந்து கோடிவரை பார்த்தார். போனார்.
மாசியில் அலுவலகம் தேடிப் போய்க் கேட்டேன்.
"நான் பார்த்தேம்மா. நீங்க மனு குடுக்கலையே.
தேதியும் முடிஞ்சுபோச்சு."
பேருந்து பாமணி ஆற்றைத் தாண்டியும்
அவரைத் திட்டி முடியவில்லை எனக்கு.

ஹபீபா கையைச் சுழற்றினாள்.
முழு வட்டம்.
அந்த வட்டம் முடிவதற்குள்
யாராவது, யாராவது ஒருத்தி,
என்று நினைத்தேனா, தெரியவில்லை.
பந்து போய்விட்டது.

ஸ்கோர் நோட்டில் மசி காய்ந்தது.
கூத்தாநல்லூர் ஒரு ரன்னில் தோற்றது.
அவர்கள் வேனில் ஏறியபோது
தையல்நாயகி திரும்பிப் பார்க்கவில்லை.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன்.
மரகதவல்லி வந்து நின்றாள்,
ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி.
"மேடம், ரெண்டாவது பேஸை
நான் மிதிச்சேனா?"

கேட்டுவிட்டாள் ஒருத்தி.
கேட்க வேண்டியவள் இல்லை.
கேட்க வேண்டிய நேரமும் இல்லை.

குழாயைத் திருகி மூடினேன்.
இன்னும் சொட்டியது.
"நான் பார்த்தேம்மா" என்று ஆரம்பித்தேன்.