பதினைந்தாவது வேற்றுமை

எஸ்டோனிய மொழியில் வேற்றுமை பதினான்கு.
நம்முடையது எட்டுதான் என்று கேட்டால்
ரயீஸா பொறாமைப்படுவாள்.
பள்ளிச் சமையற்கட்டில்
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே
ஐம்பத்தாறு வயதில்
பதினான்கையும் உருப்போட்டவள்.
பிறந்தது நதிக்கு இக்கரையில்.
நாவில் இருப்பதோ
அக்கரை பேசும் ருஷ்ய மொழி.

நவம்பர். நகரமன்றம்.
பூங்காவில் நிற்கும் கல் சிப்பாயை
அகற்றுவதா, விட்டுவைப்பதா.
இடப்பக்க நாற்காலிகளில் ஒரு மொழி,
வலப்பக்கம் இன்னொன்று,
நடுவரிசையில் ஆளில்லை,
ஈரக் கோட்டுகள் குவிந்து கிடந்தன.

மொழிபெயர்ப்புக் கருவியை நீட்டினார்கள்.
வேண்டாமென்று தலையசைத்தாள்.
சூப்புக்கு உப்புக் கணக்கு எழுதும் அட்டையில்
எழுதி வந்திருந்தாள்,
அவர்கள் மொழியிலேயே.

"மதிப்பிற்குரிய ஆரே கூசிக்" என்று தொடங்கினாள்.
அந்தப் பதினான்கில் விளி வேற்றுமை கிடையாது.
ஆனாலும் கூப்பிட்டாள்.

"உங்கள் அத்தையைச் சரக்கு ரயிலில் ஏற்றிய விடியலில்
அடுப்பில் இருந்த பால்
பொங்கி வழிந்ததென்று
போன கூட்டத்தில் சொன்னீர்கள்.
அன்றிலிருந்து பால் காய்ச்சும்போதெல்லாம்
அடுப்பை விட்டு நகர முடியவில்லை எனக்கு.
கல்லைப் பார்த்தால் உங்களுக்கு
அந்த ரயில் தெரிகிறது.
தெரியத்தான் செய்யும்.
எனக்கு என் பெரியப்பா தெரிகிறார்.
பத்தொன்பது வயது.
எங்கே புதைத்தார்கள் என்று
கடிதம்கூட வரவில்லை.
பூ வைக்க எனக்கு வேறு இடமில்லை.
ஆகவே நான் இதில்
உங்களோடு எதிராக நிற்கிறேன்."

'உங்களுக்கு' என்றிருக்க வேண்டும்.
நம் கணக்கில்,
நான்காம் உருபின் நாற்காலியில்
மூன்றாவது போய் உட்கார்ந்துவிட்டது.

பின்வரிசையில் ஒரு சிரிப்பு.
அதுகூடப் பரவாயில்லை.
அவளுடைய பக்கத்திலிருந்தே
ஒருவன் முணுமுணுத்தான்:
"நம் மொழிக்கு என்ன கேடு வந்தது இவளுக்கு?"
காது மடல் சிவந்து உட்கார்ந்தாள்.

ஆரே சிரிக்கவில்லை.
அவள் அட்டையை மடித்து வைக்கும்வரை
பொறுத்திருந்து எழுந்தார்.
பத்து நிமிடம் மறுத்துப் பேசினார்,
ஒரு வாதத்தையும் தணிக்காமல்.
பெரியப்பா என்று வந்த இடத்தில் மட்டும்
குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

பதினாறுக்கு ஏழு.
தோற்றாள்.

வீட்டுக்குப் போய்
கெட்டில் கூவக் கூவத் திட்டித் தீர்த்தாள்,
ஆரேயை, மன்றத்தை, நவம்பரை,
சொல்லாமல் செத்துப்போன பெரியப்பாவையும்.
தாய்மொழியில்.
அதில் ஓர் இலக்கணப் பிழையும் இல்லை.

மறுநாள்
நடவடிக்கைக் குறிப்பைத் தட்டச்சிட்ட காத்ரி
'உங்களோடு' வந்ததும் விரலை நிறுத்தினாள்.
"திருத்திவிடட்டுமா?"
கையெழுத்திட வந்த ஆரே
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி வாசித்தார்.
"அவர் சொன்னபடியே இருக்கட்டும்."

வசந்தத்தில் கிரேன் வந்தது.
சிப்பாய் போன இடத்தில்
புல் முளைக்காத ஒரு சதுரம்.
அதன் மேல் நான்கு சிவப்புக் கார்னேஷன்கள்:
இறந்தவர்களுக்கு இரட்டைப்படை.

அடுத்த கூட்டம் பள்ளியில் எந்த மொழி என்பது.
ரயீஸா புது அட்டை எடுத்திருக்கிறாள்.
உருளைத் தோலுக்கு நடுவே நின்று
வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறாள்:
உங்களுக்கு எதிராக. உங்களுக்கு.
இப்போது சரியாகவே வருகிறது.

அட்டையில் எதை எழுதுவதென்றுதான்
இன்னும் முடிவு செய்யவில்லை.