அரைப் பேர்

சோதனைக் குழாயில் முட்டை வெள்ளை
ஊதாவாக மாறியது.
கோதுமை மாவு கரைத்த நீரும் ஊதாதான்,
கொஞ்சம் வெளிறி.

"அப்ப ரொட்டியிலயும் புரதம் இருக்கு"
என்றான் டிலுக்ஷன்,
காலையில் ரெண்டு ரொட்டி தின்று வந்தவன்.

இருக்கு.
லைசின் என்று ஒன்று மட்டும் குறைச்சல்.
அது எவ்வளவோ
மற்றதும் அவ்வளவுக்குத்தான் உதவும், என்றேன்.
பொகவந்தலாவைக் குளிரில்
கரும்பலகை வியர்த்திருந்தது. சோக்கு ஒட்டவில்லை.
ஒருத்தருக்கும் விளங்கவுமில்லை.

பின்வாங்கில் விதுர்ஷிகா எழும்பினாள்:
"மிஸ், பதினெட்டுக் கிலோவுல
ரெண்டு குறைஞ்சா
பறிச்ச பதினாறுக்கும் சேர்த்து
அம்மாவுக்கு அரைப் பேருதான்.
அந்த மாதிரியா?"

அந்த மாதிரித்தான்.

"புஸ்பம் அக்கா தன் கூடையில இருந்து
ரெண்டு கிலோ அள்ளிப் போட்டா
முழுப் பேரு.
அப்ப புஸ்பம் அக்காதான் பருப்பா?"

வகுப்பே சிரித்தது.
நான் சிரிக்கவில்லை.
பருப்பில் லைசின் நிறைய.
பருப்புக்குக் குறைவதை ரொட்டி கொடுக்கும்.

புத்தகத்தில் இதற்கு நீளமாய் ஒரு பெயர்.
சொல்லாமல் விட்டேன்.

மணியடித்தது.
கோப்பையில் மஞ்சள் கரு மிச்சம்.
வாசலில் நின்று டிலுக்ஷன் கேட்டான்:
"மிஸ், பருப்பு இப்ப
கிலோ என்ன விலை தெரியுமா?"

தெரியும்.
குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.