மூலையில் ஒரு நூல்

நான் மட்டும் பலகை மாட்டியிருந்த காலத்தில்
மெஸ்தியாவுக்கு வரும் வேன்
இந்தத் தெருவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.
எதிர்வீட்டு லாமாராவும் மாட்டினாள்.
வயிறு எரிந்தது.
பிறகு பதினோரு பலகைகள்.
இப்போது வேன் இங்கேதான் நிற்கிறது;
ஓட்டுநர் ஜோகோலாவுக்கு எங்கள் பெயர்கள் வேண்டியதில்லை,
"அறைத்தெரு, இறங்கு" என்கிறான்.

சலவை இயந்திரத்தைப் பொதுவில் வாங்கினோம்.
விரிப்புகள் கலந்துவிடாமலிருக்க
மூலையில் ஆளுக்கொரு நிற நூல்.
எனக்குச் சிவப்பு. அவளுக்குப் பச்சை.

ஜூலையில் ஆள் மிஞ்சினால் அவளிடம் அனுப்புவேன்.
முட்டை தீர்ந்தால் அவள் என் கோழிகளிடம் வருவாள்.
அக்டோபரில்தான் சிக்கல்.
இருவரும் வாசலில் நிற்போம்.
முதுகில் மூட்டையோடு ஒருவன் வருவான்.
நாற்பது என்பேன்.
லாமாரா இருமுவாள்.
அந்த இருமலுக்கு முப்பத்தைந்து என்று பொருள்;
பாஷை தெரியாதவனுக்கும் அது புரிந்துவிடுகிறது.

நேற்று முதல் பனி.
பருவத்தின் கடைசிப் பயணியும் அவள் வீட்டில்தான் தூங்கினான்.
காலையில் அவள் கொடியில்
பலகைபோல் விறைத்துத் தொங்கியது
ஒரு விரிப்பு,
மூலையில் சிவப்பு நூல்.

கேட்கப் போனேன்.
பாதித் தெருவில் திரும்பிவிட்டேன்.
என் அலமாரியில்
பச்சை நூல் மூன்று கிடக்கின்றன.