காலி வண்டியின் எடை

விவாகரத்தில் தேனீக்கள் எனக்கு வந்தன:
முப்பத்தாறு பெட்டி, புகையூதி, முகவலை இரண்டு,
இரட்டை அச்சு டிரெய்லர்.
அதை இழுக்கும் உரிமை மட்டும்
எக்கார்ட்டின் பர்ஸில் போய்விட்டது.

எண்பத்தைந்தில் அவன் வாங்கிய சாம்பல்நிறத் தாள்.
மூன்றாம் வகுப்பு என்பார்கள்.
ஏழரை டன் லாரிவரை அதில் அடக்கம்.
பிற்பாடு அட்டையாக மாற்றினான்,
சலுகை ஒன்றுகூடக் கழன்று விழவில்லை.
நான் பிந்திப் பிறந்தவள்.
எனக்குக் கிடைத்தது ஒற்றை எழுத்து, பி.
பன்னிரண்டு வருஷம் அவன் ஓட்டினான்,
நான் பக்கத்தில் அமர்ந்து வரைபடம் பார்த்தேன்.
எழுத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஏப்ரலில், சோல்டாவ் தாண்டி, போலீஸ் கை காட்டியது.
வண்டியில் ஒரு கயிறும் நேற்றைய மழையும்.
"காலி வண்டிதானே" என்றேன்.
அந்தப் பெண் குனிந்து
தகட்டின் சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தாள்.
"இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோ.
எவ்வளவு ஏற்றலாமோ அதுதான் கணக்கு,
திருமதி லூட்யென்ஸ். கயிறு கணக்கில்லை."

வழக்கு ஒரு தொகையோடு முடிந்தது.
தொகையைச் சொல்லமாட்டேன்.
அன்று டிரெய்லரை வீடு சேர்க்க
எக்கார்ட்டையே கூப்பிட வேண்டியிருந்தது, அதைச் சொல்கிறேன்.
வந்தான். பேசவில்லை.
கொக்கி மாட்டியதும் இரண்டு முறை குலுக்கிப் பார்த்தான்.
போய்விட்டான்.

ஓட்டுநர் பள்ளியில் நெவ்சாத்,
என்னைவிடப் பதினைந்து வயது இளையவன்,
பலகையில் கூட்டினான்:
கார் இரண்டாயிரத்து முந்நூறு, பின்னால் இரண்டாயிரத்து ஐந்நூறு.
பி மூவாயிரத்து ஐந்நூறில் நின்றுவிடும்.
எழுநூற்றைம்பது கிலோ குட்டி டிரெய்லர் என்றால் மன்னிக்கும்.
பி தொண்ணூற்றாறு, ஒருநாள் வகுப்பு, தேர்வு கிடையாது,
நாலாயிரத்து இருநூற்றைம்பது.
"ஐந்நூற்றைம்பது வழிகிறதே" என்று சிரித்தான்,
பால் பொங்கிவிட்டதைப் பார்ப்பவன்போல.
ஆக, பிஇ. ஆக, தேர்வு.

ரிவர்ஸ்தான் வரவில்லை.
வால் வலப்பக்கம் போக
ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும்.
வண்டி மடிந்துகொண்டது, கத்தியைப்போல.
மூடிய தச்சுப்பட்டறையின் முற்றத்தில்
பதினேழு முறை.
நெவ்சாத் சூரியகாந்தி விதை கொறித்தபடி நின்றான்.
"கையை ஸ்டியரிங்கின் அடியில் வையுங்கள்.
கை போகும் பக்கம் வால் போகும்."
இதை முதலிலேயே சொல்லக்கூடாதா பையா!

தேர்வு நாளில் எல்லாம் வரிசையாகச் செய்தேன்:
விளக்கு வயர், அறுந்தால் பிரேக் பிடிக்கும் கம்பி,
முன்சக்கரத்தைத் தூக்கி இறுக்கினேன்.
பிறகு, பட்டியலில் இல்லாத ஒன்று.
கொக்கியை இரண்டு முறை குலுக்கினேன்.
தேர்வாளர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.
யாருடைய பழக்கம் அது என்று
அவருக்கெதற்கு.

ஆகஸ்டில் ஹீதர் பூத்தது.
தேனீக்கள் அடங்கிய பிறகு வாசல்களை அடைத்து,
இரவு பதினொன்றரைக்குக் கிளம்பினேன்.
எண்பதைத் தாண்டவில்லை.
ஒவ்வொரு பள்ளத்திலும் முதுகுக்குப் பின்னால்
முப்பத்தாறு பெட்டி ஒரே குரலில் முனகின.
ஊதாமேட்டின் ஓரம், பிர்ச் மரங்களுக்கிடையே
ஒடுங்கிய மண்தடம்.
கையை அடியில் வைத்தேன்.
மூன்றாவது முயற்சியில் உள்ளே போனது.
முதல் இரண்டையும் ஒரு முயல் பார்த்தது.

செப்டம்பரில் திரும்பும்போது
தேன் ஏறியிருக்கும், அச்சு தாழ்ந்திருக்கும்.
போகையிலும் இரண்டாயிரத்து ஐந்நூறு,
வருகையிலும் இரண்டாயிரத்து ஐந்நூறு
என்றுதான் தகடு சொல்லும்.
நிறுக்கிற வேலை
ஊதாக்காட்டில் விடியுமுன்னே தொடங்கிவிட்டது.
நான் காரிலேயே தூங்கிப்போனேன்,
காலணியைக்கூடக் கழற்றாமல்.